வெண்டல் க்ரூப்பா வாய் திறந்த வாரம்

என் புருஷன் வெண்டல் க்ரூப்பா தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தாட்டக்காரன், பந்தைக் கையால் வீசுகிற, தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். இதைச் சொன்னவுடன் ஜனங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அடுத்த கேள்வி, "எந்த டீம்?" சிக்கல் அங்கேதான். காலையில் கேட்டால் ஒரு பதில், சாயங்காலம் கேட்டால் வேறு பதில். நான் டார்லீன், ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறேன். ஒருநாள் நாற்காலியில் படுத்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார், நானும் ஒமாஹா என்றேன். அவருக்குப் பல் சுத்தம் செய்து முடிப்பதற்குள் வெண்டலிடமிருந்து போன் வந்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்க, ஒமாஹா இல்லையாம்" என்று திருத்திச் சொன்னேன். அவர் பாவம், வாயில் குழாயோடு தலையை ஆட்டினார்.

டுல்சா, பாய்ஸி, ஒமாஹா, ரிச்மண்ட். அவன் உடுப்பு மாட்டாத ஊர் இல்லை. ஆடாத ஊர் இல்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான், பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆட்டக்காரர்களில் இரண்டு சாதி. ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவன் ஒரு சாதி. திங்கள் முதல் சனி வரை அவனிடம் இடி வாங்கிக்கொண்டு, ஞாயிறன்று ஓரத்தில் தொப்பி போட்டு நின்று கை தட்டுகிறவன் இன்னொரு சாதி. என் வீட்டுக்காரன் கை தட்டுவதில் கெட்டிக்காரன்.

அவன் நிற்கிற இடம் முன்வரிசை. பந்தை எறிகிறவனைக் காப்பாற்ற ஐந்து தடியர்கள் குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி நிற்பார்களே, அதில் இடது பக்கம் இரண்டாவது ஆள். பந்துக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எதிரே வருகிற தடியனை மறிக்க வேண்டும், அவ்வளவுதான். பந்தை வீசப் போகிறார்களா, தூக்கிக்கொண்டு ஓடப் போகிறார்களா என்பது எதிரிக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. தெரிந்தால் முன்வரிசைக்காரன் செத்தான்.

ஒவ்வொரு வருஷமும் கோடை முடியும்போது ஆள் குறைப்பு நடக்கும். அன்று அலுவலகத்திலிருந்து ஒருத்தன் வருவான். எங்கள் உலகத்தில் அவனுக்குப் பல பெயர். நான் எமதூதன் என்பேன். வந்து தோளைத் தொட்டு, "கோச் கூப்பிடுறாரு, ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துட்டு வா" என்றால் கதை முடிந்தது; டீமின் தந்திரமெல்லாம் எழுதிய அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஆளை வெளியே விடுவார்கள். தோளைத் தொட முடியாவிட்டால் வேலை போகாது என்று டுல்சாவில் யாரோ வெண்டலுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இவனும் நம்பிக் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு உட்கார்ந்துவிட்டான். எமதூதன் பொறுமைசாலி. கதவுக்கு வெளியே நின்று, "வெண்டல், நீ வர வேணாம், புத்தகத்தை மட்டும் கீழே தள்ளிவிடு" என்றானாம். இவன் தள்ளிவிட்டிருக்கிறான்!

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு அவன் விடாமல் தொங்கிக்கொண்டிருந்ததற்கு ஒரே காரணம்தான். ஆட்டம் தொடங்கும் முன் முதலில் இறங்கும் பதினொரு பேரின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். ஒவ்வொருத்தனும் புகைக்கு நடுவே ஓடி வருவான், கூட்டம் எழுந்து கத்தும். வெண்டலின் பெயரை அப்படி ஒருமுறைகூட யாரும் கூப்பிட்டதில்லை. "ஒரே ஒரு தடவை, டார்லி. அப்புறம் செத்தாலும் பரவாயில்ல" என்பான். "செத்தா சவப்பெட்டிக்கு எந்த டீம் கொடி போர்த்துறதுன்னு இப்பவே சொல்லிட்டுப் போ" என்பேன் நான்.

என் ஊர் டொலீடோ. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொல்லி, அம்மா வீட்டுத் தெருவிலேயே ஒரு வீட்டைப் பிடித்து நான் அங்கே நங்கூரம் போட்டுவிட்டேன். அதற்கு முன்னால் அவனோடு கடைசியாகக் குடியிருந்தது லூயிவில்லில். அங்கேதான் மார்செலும் ரெனேயும் கிடைத்தார்கள்.

மார்செல் திபோடோ லூசியானாக்காரன். வெண்டல் எந்த இடத்துக்கு ஆசைப்பட்டானோ அதே இடத்தில் லூயிவில்லுக்காக ஆடுகிறவன். அதாவது வெண்டலின் சோற்றுக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தவன். ஆனால் அவர்களுக்குள் பொறாமை இல்லை. மார்செல்தான் வெண்டலுக்குக் காலை எப்படி வைப்பது, கையை எங்கே கொடுப்பது என்று ஆரம்பத்திலிருந்து திருத்தினான். என் மகள் பிறந்தபோது நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், வெண்டல் ரிச்மண்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஓடிவிட்டான். பக்கத்தில் இருந்தவள் ரெனே. கூடப் பிறந்தவள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

அந்த வருஷம் லூயிவில் வெண்டலை மறுபடி எடுத்தபோது மார்செலுக்குத் தோள் போய்விட்டிருந்தது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடப் போகிறார்கள் என்றால் முன்னால் பாய வேண்டும், அதனால் ஊன்றிய கையில் பாரம் இறங்கும், விரல் நகம் வெளுக்கும். வீசப் போகிறார்கள் என்றால் பின்னால் போக வேண்டும், கை லேசாக இருக்கும், நகம் சிவப்பாகவே இருக்கும். நல்ல தோள் உள்ளவன் இரண்டுக்கும் ஒரே மாதிரி நிற்பான். மார்செலால் முடியவில்லை. அவன் பக்கத்திலேயே நின்று அவனையே பார்ப்பதுதான் வெண்டலின் வேலை என்பதால் அவன் கண்ணில் மட்டும் இது பட்டது. மார்செலிடமே சொன்னான். அவர்களைப் பார்க்க நான் லூயிவில் போயிருந்த நாள் அது, நானும் ரெனேயும் கூடவே இருந்தோம்.

"தெரியும் தம்பி," என்றான் மார்செல். "சரி பண்ணப் பாத்தேன், வலி உயிர் போகுது. இந்த சீசன் மட்டும் தாக்குப் பிடிச்சுட்டா போதும். அப்புறம் ஊர்ல ஹைஸ்கூல் கோச் வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன். அதுவரைக்கும் இது நம்ம நாலு பேரோட இருக்கட்டும்."

"என் வாய்லேருந்து வருமா அண்ணே? கழுத்தை அறுத்தாலும் வராது" என்றான் வெண்டல். கழுத்தை அறுக்கத் தேவையில்லை, ஒரு டோனட் போதும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அக்டோபரில் லூயிவில் வெண்டலைக் கழற்றிவிட்டது. மூட்டையோடு டொலீடோ வந்து சேர்ந்தான். ஒரு வாரம் சோபாவில் கிடந்து கூரையைப் பார்த்தான். திங்கட்கிழமை போன் வந்தது. கூப்பிட்டது டொலீடோ டீம். எங்கள் ஊர் டீம்!

அவன் குதித்த குதியில் சுவரில் மாட்டியிருந்த மாமியார் படம் விழுந்தது. தெருமுனையில் ஸ்டான் வைத்திருக்கும் பாரில் அன்றைக்குத் திருவிழா. ஸ்டானிடம் வெண்டலின் பெரிய படம் ஒன்று உண்டு. டீம் மாறும்போதெல்லாம் சட்டை நிறத்தில் காகிதம் வெட்டி அதன் மேல் ஒட்டிவிடுவான். ஒட்டி ஒட்டி நெஞ்சு மட்டும் தலையணை மாதிரி உப்பியிருந்தது.

"பாத்தியா டார்லீன்? கடைசில நம்ம ஊரே உன் புருஷனைக் கூப்பிட்டுச்சு!" என்றான் ஸ்டான்.

"சரி, இந்த ஞாயித்துக்கிழமை நமக்கு யாரோட மேட்ச்?" என்று கேட்டேன்.

பாரில் இருந்த எல்லாரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஞாயிறன்று லூயிவில்தான் வருகிறது. எங்கள் உலகத்தில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த வழக்கம் இது. அடுத்த ஞாயிறு எந்த டீமோடு மோத வேண்டுமோ, அந்த டீம் துரத்திய ஆளைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைப்பார்கள். உட்காரவைத்து, அங்கே என்ன சைகை, என்ன தந்திரம் என்று கறந்துகொள்வார்கள். மேட்ச் முடிந்ததும் கறிவேப்பிலையாகத் தூக்கிப் போடுவார்கள்.

"உனக்கு என்னிக்குமே என்மேல நம்பிக்கை கிடையாது" என்று வெண்டல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"உன்மேல இருக்குப்பா. அவங்க மேலதான் இல்ல."

மறுநாள் போனான். கவசம் கொடுக்கவில்லை, தலைக்கவசமும் கொடுக்கவில்லை. நேராக ஓர் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்களாம். மேசை நிறைய டோனட், காப்பி, சுவரில் லூயிவில் ஆடிய வீடியோ. எதிரே கோச் ஹாலோரன். மனுஷனுக்குத் தேன் ஒழுகும் பேச்சு.

வெண்டல் சைகைகளை எல்லாம் சொன்னான். அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. அவனைத் துரத்திய அன்றே லூயிவில் எல்லாச் சைகையையும் மாற்றியிருக்கும், அதுவும் வழக்கம்தான். ஹாலோரனுக்கும் அது தெரியும். "வேற?" என்று கேட்டார். வேறு ஏதேதோ சொன்னான். "அது எங்களுக்கே தெரியும். வேற?" சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இவனிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. அப்போதுதான் அந்த ஆள் பெருமூச்சு விட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறார்: "நம்ம இடது பக்க ஆளுக்கு முட்டி போச்சு, வெண்டல். அடுத்த வாரம் அங்க முதல் பதினொண்ணுல யாரையாவது இறக்கணும். யாரை இறக்குறதுன்னு யோசிச்சுட்டே இருக்கேன்."

இதை வெண்டல் வீட்டுக்கு வந்து சொன்னபோது அவன் கண்ணில் காய்ச்சல் தெரிந்தது.

"மார்செல் விஷயத்தைச் சொல்லிட்டியா?"

"சே! என்ன பேச்சு பேசுற?"

"சொல்லமாட்டேல்ல?"

"அவன் எனக்கு அண்ணன் மாதிரிடி."

"அண்ணன் தம்பி கதையெல்லாம் இருக்கட்டும். தாயும் பிள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேறங்கிற ஆளுங்க நீங்க. என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு."

பண்ணினான். அந்தப் பெரிய கையைத் தலையில் வைத்தான், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. நானும் நம்பினேன். எனக்கும் புத்தி அவ்வளவுதான்.

ஞாயிறன்று ரெனே என் பக்கத்தில் உட்கார்ந்து மேட்ச் பார்க்க லூயிவில்லிலிருந்து வந்துவிட்டாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே பிளாஸ்டிக் விரிப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டோம். கீழே ஓரத்தில் வெண்டல் டொலீடோ தொப்பியோடு நின்று கை தட்டினான்.

"மார்செலை மாத்திட்டு ஒரு சின்னப் பையனை இறக்கணும்னு பேசிக்கிறாங்க," என்றாள் ரெனே. "இன்னிக்கு மட்டும் ஒழுங்கா ஆடிட்டா சீசன் முடியற வரைக்கும் கை வைக்க மாட்டாங்க. வேலையில இருக்கும்போதே ஊருக்குப் போனாத்தான் அந்தக் கோச் வேலை. துரத்தி விட்டவனை எவன் கூப்பிடுவான்?"

ஆட்டம் தொடங்கியது. மார்செலுக்கு எதிரே டொலீடோவின் இளவட்டம் ஒருத்தன் குனிந்தான். குனிகிறவன் எதிராளியின் முகத்தைப் பார்ப்பான், தோளைப் பார்ப்பான். இவன் தரையைப் பார்த்தான். மார்செலின் கையைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனுக்கு முழங்கையால் ஒரு இடி கொடுத்தான்.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. மழையில் உட்கார்ந்திருந்தாலும் காது சுட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்லக் கூடாது. வீசப் போகிறார்கள் என்றால் அந்தப் பையன் சுற்றிக்கொண்டு போய் எறிகிறவனைச் சாய்த்தான். ஓடப் போகிறார்கள் என்றால் இரண்டு பேராக வந்து மார்செலை மல்லாத்தினார்கள். அவன் எழுந்தான். மறுபடி மல்லாத்தினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அவன் நம்பரைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணிப் பாடினார்கள். பின்வரிசையில் ஒருத்தன், "அந்தத் தாத்தாவுக்கு யாராவது ஒரு நாற்காலி போடுங்கடா!" என்று கத்தினான். ரெனே திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னாச்சு இவருக்கு? டார்லீன், என்னடி ஆச்சு? வீசப்போறது அவனுக்கு எப்படித் தெரியுது?" அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆயிரம் பேர் அதைத்தான் சொல்வார்கள். என்னால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"வெண்டல் சொல்லிட்டான், ரெனே."

அவள் என்னைப் பார்த்தாள். கீழே ஓரத்தில் நின்றவனைப் பார்த்தாள். அந்த அறிவுகெட்டவன் அப்போதும் கை தட்டிக்கொண்டிருந்தான். ரெனே விரிப்பை என் பக்கம் விட்டுவிட்டு எழுந்து, நனைந்துகொண்டே ஏறிப் போய் மேலே தனியாக உட்கார்ந்தாள். ஆட்டம் முடியும்வரை அவள் இறங்கி வரவில்லை.

முடிந்ததும் ஆட்டக்காரர்கள் வெளியே வரும் சுரங்கப்பாதை வாசலில் நான் காத்திருந்தேன். மார்செல் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். வெண்டல் எதிரே போனான். ஒரு குத்தாவது விழும் என்று பார்த்தேன், விழ வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். மார்செல் அவனை நல்ல தோளால் அணைத்துக்கொண்டு, "நல்லாத்தான் பாடம் எடுத்திருக்கே தம்பி" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். வெண்டலும் சிரித்தான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

காரில் ஏறியவுடன் ஆரம்பித்தேன். "என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணினியே, என் தலை என்ன தேங்காயா?"

"மார்செலே சிரிக்கிறான், உனக்கென்ன? இது தொழில், டார்லி. எல்லாரும் பண்றதுதான். அவன் என் இடத்துல இருந்தா அவனும் சொல்லியிருப்பான்."

"அவன் சொல்லியிருப்பான்னு உனக்கு யார் சொன்னது? அந்த டோனட்டா?"

"முதல் பதினொண்ணு, டார்லி. ஹாலோரன் வாக்குக் குடுத்திருக்காரு."

செவ்வாய்க்கிழமை காலை எமதூதன் வந்தான். டொலீடோவுக்கு வெண்டல் தேவைப்படவில்லை. ஹாலோரன் மீட்டிங்கில் இருந்தாராம், முகத்தைக்கூடக் காட்டவில்லை. அதே காலையில் லூயிவில்லில் மார்செலின் தோளையும் ஒருத்தன் வந்து தொட்டான். போகிற போக்கில் நல்ல தோளாகப் பார்த்துத் தொட்டிருப்பான் என்று நம்புகிறேன்.

மத்தியானம் வெண்டலுக்குப் போன் வந்தது. லூயிவில்! அவர்கள் நம்பிய சின்னப் பையன் பயிற்சியில் காலை முறித்துக்கொண்டுவிட்டான். இடது பக்கம் காலி. எங்கள் ஆட்டமெல்லாம் உனக்குத் தெரியும், உடனே வா, ஞாயிறன்று முதல் பதினொன்றில் நீதான் என்றார்கள். துரோகத்துக்கு இந்த உலகத்தில் இவ்வளவு சீக்கிரம் கூலி கிடைத்து நான் பார்த்ததில்லை.

அவன் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சமையலறை நடுவே நின்றான். ஆடுவதா அழுவதா என்று தெரியாத முகம்.

"நான் போகலேன்னா வேற ஒருத்தன் போகத்தான் போறான்" என்றான், நான் ஒன்றும் கேட்காமலே.

"போ. யார் வேணாம்னது?"

"நீ வருவேல்ல? இதுக்காகத்தானே நம்ம இத்தனை நாள்..."

"டிக்கெட் எடுத்து வை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஞாயிறு காலையில் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு லூயிவில் வரைக்கும் ஓட்டினேன். அவன் அனுப்பிய டிக்கெட் கைப்பையில் இருந்தது. மைதானத்துக்குத் திரும்பும் சாலை வந்தது. என் கை திருப்பவில்லை. வண்டி ரெனே வீட்டு வாசலில்தான் போய் நின்றது.

ரெனே கதவைத் திறந்தாள். பின்னால் வீடெல்லாம் அட்டைப்பெட்டி. அவளுடைய அப்பா ஊரில் இடம் கொடுக்கிறாராம், திங்களன்று லாரி. வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த ஒட்டுநாடாவை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன்.

கூடத்தில் மார்செல் சோபாவில் சாய்ந்து, தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். "வாம்மா டார்லீன். இவ அணைக்கச் சொல்றா. நான் பாப்பேன்னு அடம் பிடிச்சுட்டிருக்கேன்."

புகை வந்தது. ஒலிபெருக்கி, "இடது பக்கம், வெண்டல் க்ரூப்பா!" என்றது. அவன் ஓடி வந்தான். கூட்டம் எழுந்து கத்தியது. மனைவிமார் உட்காரும் பக்கமாகத் திரும்பி, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். நான் ரெனே வீட்டுச் சமையலறையில் நின்று அதைப் பார்த்தேன். அவனுக்காகச் சந்தோஷப்படவும் முடியவில்லை, சந்தோஷப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

அப்புறம் ஆட்டம் தொடங்கியது, மானம் கப்பலேறியது. எதிரே நின்றவன் வெண்டலைக் கதவைத் திறப்பதுபோலத் திறந்துகொண்டு உள்ளே போனான். இவன் ஒரு பக்கம் பாய்ந்தால் அவன் அதற்கு முன்பே அங்கே நிற்கிறான். டிவியில் வர்ணனை செய்தவன், "இவரை எங்கிருந்து பிடிச்சாங்க?" என்று கேட்டான். ரெனேயின் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

மார்செல் மட்டும் சிரிக்கவில்லை. முன்னால் நகர்ந்து வந்து திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். "கண்ணு," என்றான். "மடையன், கண்ணால காட்டிக் குடுக்கறான். எந்தப் பக்கம் போகப் போறானோ அந்தப் பக்கத்தை முன்னாடியே பாக்கறான். குனியும்போது ஒரு பார்வை. அதோ, பாரு! அவனும் இவன் கண்ணைத்தான் பாக்கறான்."

இடைவேளை வந்தது. மார்செல் போனை எடுத்தான்.

"யாருக்கு?" என்றாள் ரெனே.

"கஸ்ஸுக்கு. சாமான் அறையில இருப்பான்." கஸ் லூயிவில் டீமின் உடுப்பையும் கவசத்தையும் பார்த்துக்கொள்கிறவன்.

"வை போனை."

"ரெனே..."

"வைன்னா வை! உன் பொழப்புல மண்ணைப் போட்டவன் அவன். விழட்டும். நல்லா விழட்டும். ஊரே பாக்கட்டும்." என்னைத் திரும்பிப் பார்த்து, "உன் புருஷனைத்தான் சொல்றேன். கோவம்னா கோவப்பட்டுக்க" என்றாள்.

"எனக்கென்ன கோவம்? விழட்டும்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

மார்செல் எங்கள் இருவரையும் பார்த்தான். "காலை எப்படி வைக்கணும்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்தது நான். என் வேலையை எடுத்துக்கிட்டான், சரி. அதை இப்படிக் கேவலமாவா செய்யறது? எனக்குப் பார்க்க சகிக்கல" என்றான். போனைக் காதில் வைத்தான். "கஸ், நான்தான். வெண்டல்கிட்ட போய், கண்ணால காட்டிக் குடுக்கறான்னு சொல்லு, குனிஞ்சா எதிர் டீம்ல மத்தியில நிக்கறவனோட இடுப்பைப் பாக்கச் சொல்லு. வேற எங்கயும் பாக்க வேணாம். யார் சொன்னதுன்னு சொல்லாதே."

இரண்டாவது பாதியில் வெண்டல் விழவில்லை. எதிரே நின்றவன் தடுமாறினான். இவன் ஒருமுறை அவனைத் தூக்கி வெளிக்கோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. மார்செல் நல்ல கையால் முழங்காலில் ஓங்கி அடித்துக்கொண்டான். ரெனே தட்டுகளைக் காகிதத்தில் சுற்றினாள்.

முடிந்து கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

"டார்லி! பாத்தியா? கோச் கை குடுத்தாருடி! அடுத்த வாரமும் நான்தானாம்! கஸ் இருக்கானே, சாமான் அறைக்காரன், அவன் வந்து காதுல சொன்னான், கண்ணால காட்டிக் குடுக்கறேன்னு. துணி துவைக்கிறவனுக்கு எப்படித் தெரிஞ்சுது பாரேன்! நீ எங்க இருக்கே? உன் பக்கம் பாத்து எத்தனை தடவை கை ஆட்டினேன்!"

மார்செல் எனக்கு எதிரே நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். ரெனே தட்டைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"கஸ் இல்ல, வெண்டல்," என்றேன். "மார்செல் சொல்லி அனுப்பினான். நான் அவங்க வீட்லதான் இருக்கேன். சாமான் கட்டிக்கிட்டிருக்கேன்."

அந்தப் பக்கத்தில் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. யாரோ அவன் முதுகில் தட்டி, "க்ரூப்பா! க்ரூப்பா!" என்றார்கள். ரெனே வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"இந்த சோபாவைத் தூக்க ஆள் இல்ல," என்றாள். "அவருக்குத் தோள் இல்ல. வந்து தூக்கு." போனை வைத்துவிட்டாள்.

வந்தான். குளிக்காமல் வந்திருந்தான், காதில் காய்ந்த மண். வாசலில் நின்று வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான். ரெனே சோபாவைக் கைகாட்டினாள். அதைத் தனியாகவே தூக்கிக்கொண்டு போய் வாசலருகே போட்டான். அப்புறம் பீரோவை, கட்டிலை, சாப்பாட்டு மேசையை. மார்செல் பின்னாலேயே நடந்து, "முட்டியை மடக்குடா, முதுகால தூக்காதே" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் வெண்டல் தலையைக் குனிந்துகொண்டு, "சரிண்ணே" என்றான்.

எல்லாம் முடிந்தபோது ரெனே அடுப்பில் மிச்சமிருந்த குழம்பைச் சுட வைத்துப் பெட்டிகளுக்கு நடுவே தரையில் தட்டு வைத்தாள். மார்செலுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வெண்டல் சுவர் ஓரமாக நின்றான். அவனுக்கு வைக்கவில்லை. அவன் கேட்கவும் இல்லை.